தேஹு ரோடு இல்லாத பாதையில் ஒரு ரயில்

பானிபட்டில் மராத்தியர் ஜெயித்திருந்தால்? ஜெயந்த் நர்லிகரின் அறிவியல் கதையைப் படித்தவர்கள் மத்தியில் சண்டை இன்னும் ஓயவில்லை.

புனேயிலிருந்து லோனாவாலாவுக்குப் போகும் லோக்கல் ரயில் அவசரப்படுவதில்லை. சிவாஜிநகர், கட்கி, தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி, சின்ச்வட், ஆகுர்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஆளை இறக்கி ஆளை ஏற்றிக்கொண்டுதான் தேஹு ரோடு வந்து சேரும். வழியெங்கும் தொழிற்சாலைக் கூரைகள், குடியிருப்புகள், ராணுவத்தின் முள்வேலிகள். மொத்தம் 64 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஆனால் அதே பாதையில் நாற்பதே நிமிடங்களில் லோனாவாலாவைத் தொட்டுவிடும் ரயில் ஒன்று உண்டு. அதன் பெயர் ஜிஜாமாதா எக்ஸ்பிரஸ். 1930 முதல் ஓடும் டெக்கான் க்வீனையே மிஞ்சும் வேகம். அதில் ஏறிய வரலாற்றுப் பேராசிரியர் கங்காதரபந்த் கைத்தொண்டே ஜன்னல் வழியே பார்க்கிறார். புனேயைத் தாண்டினால் தொழில் நகரம் என்று ஒன்றும் இல்லை. பிம்ப்ரியைக் காணோம், சின்ச்வட்டைக் காணோம். சொல்லாமல் விட்டாலும், தேஹு ரோடும் இல்லை என்றுதான் அர்த்தம்.

ரயிலும் பேராசிரியரும் கற்பனை. வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நர்லிகர் எழுதிய அந்தக் கதை, என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் 'தி அட்வென்சர்' என்ற பெயரில், சற்றே சுருக்கப்பட்ட வடிவில் இடம்பெற்றது. அன்றுமுதல் நாடெங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டுக்கு ஆண்டு புதிய வாசகர் கூட்டம் அதற்குக் கிடைத்துவந்திருக்கிறது. இந்திய அறிவியல் கதைகளில் இத்தனை பேர் படித்த இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். பரீட்சைக்காகப் படித்தவர்கள்தான் பாதிப் பேர் என்பது வேறு விஷயம். தேஹு ரோட்டிலும் கேந்திரிய வித்யாலயா உண்டு. தங்கள் ஊரையே அழித்துவிட்டு ஓடும் ரயிலைப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு, இந்தப் பாதையில் இருக்கும் மாணவர்களைத் தவிர வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

கதை இதுதான். பானிபட் போரைப் பற்றிய சொற்பொழிவை மனதில் அசைபோட்டபடி நடக்கும் கைத்தொண்டே மீது லாரி மோதுகிறது. கண் விழிப்பது வேறொரு இந்தியாவில். பம்பாய்க்குப் போகும் வழியில் 'சர்ஹத்' என்ற எல்லை ஸ்டேஷனில் ஆங்கிலோ இந்திய அதிகாரி பர்மிட் கேட்கிறார். அதற்கு அப்பால் பிரிட்டிஷ் ஆட்சி. கூடப் பயணம் செய்யும் கான் சாகேப், பம்பாயில் ரயில் மாறி டெல்லி, லாகூர் வழியாகப் பெஷாவருக்குப் போகப்போவதாகச் சாவகாசமாகச் சொல்கிறார். பிரிவினை நடக்காத நாட்டில் அது வெறும் தூரப் பயணம்தானே. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் கடை விரித்திருக்கிறது. ஃபோர்ப்ஸ் கட்டடத்தில் வேலை பார்க்கும் தன் மகனைத் தேடிப் போனால், அப்படி ஒருவர் அங்கே இல்லை.

பேராசிரியர் நேரே டவுன் ஹாலில் இருக்கும் ஏஷியாடிக் சொசைட்டி நூலகத்துக்குப் போய், தான் எழுதிய ஐந்து தொகுதி வரலாற்றை எடுத்துப் புரட்டுகிறார். நான்கு தொகுதிகள் தான் எழுதியபடியே இருக்கின்றன. ஐந்தாவதில் இடறுகிறது. 1761இல் பானிபட்டில் மராத்தியர் ஜெயித்திருக்கிறார்கள்! 'பகர்' எனப்படும் பழைய மராத்திக் குறிப்பு ஒன்று காரணத்தைச் சொல்கிறது. பேஷ்வாவின் மகன் விஸ்வாசராவை நோக்கி வந்த குண்டு, காதோரம் உரசிக்கொண்டு போய்விட்டது. எள்ளளவு விலகியிருந்தால் உயிர் போயிருக்கும்.

நாம் அறிந்த வரலாற்றில் குண்டு விலகவில்லை. 1761 ஜனவரி 14 அன்று விஸ்வாசராவ் விழுந்தார். அதைக் கண்ட படைத்தலைவர் சதாசிவராவ் பாவ், யானையிலிருந்து இறங்கிக் குதிரையேறி எதிரிகளுக்குள் பாய்ந்தார். காலி அம்பாரியைப் பார்த்த படை கலங்கி ஓடியது. ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி வென்றார். இரண்டு முத்துக்கள் போயின என்று சங்கேதமாகத் தகவல் வந்ததாகவும், அது தன் மகனையும் தன் சித்தப்பா மகனையும் குறிக்கிறது என்று பேஷ்வா புரிந்துகொண்டதாகவும் மகாராஷ்டிரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தப் பேஷ்வா ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. மராத்தியில் ஒருவருக்குப் 'பானிபட் ஆகிவிட்டது' என்றால் சர்வநாசம் என்று பொருள். மராத்தியில் இந்தக் கதையின் தலைப்பே கங்காதரபந்தின் பானிபட் என்பதுதான். இந்தச் சிலேடை, ஆங்கிலத்துக்குப் போனபோது காணாமல் போய்விட்டது.

நர்லிகருக்கு இந்த விளையாட்டு குருநாதர் வழி வந்தது. கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஃபிரெட் ஹாயில் பகலில் அண்டவியல், மற்ற நேரத்தில் நாவல் என்று வாழ்ந்தவர். 1961இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஏ ஃபார் ஆண்ட்ரோமெடா' என்ற டிவி தொடரை ஜான் எலியட்டுடன் சேர்ந்து எழுதி, மறு ஆண்டே அதை நாவலாகவும் வெளியிட்டார். டிவி தொடரை ஒட்டி நாவல் எழுதும் வழக்கத்தில் ஒரு பெரிய விஞ்ஞானியே இறங்கியது அன்று விசேஷம். 1966இல் வந்த அவருடைய இன்னொரு நாவலில் இங்கிலாந்து 1966இல் இருக்கும், பிரான்ஸ் முதல் உலகப் போர் நடக்கும் 1917இல் இருக்கும், கிரீஸ் பண்டைக் காலத்தில் இருக்கும். இப்படிப்பட்டவரிடம் படித்த மாணவர், காலத்தைக் கலைத்துப் போடுவதற்குப் புனே ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

மாணவருக்குக் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. மராத்தி விஞ்ஞானப் பரிஷத் 1974இல் நடத்திய போட்டிக்குத் தன் முதல் கதையை அனுப்பியபோது, பெயரின் முதலெழுத்துக்களைத் தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜக்தாப் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று, கணித அறிஞரான மனைவி மங்களாவைப் படியெடுக்கச் சொன்னார். ஜக்தாப் ஜெயித்தார். பிறகு புனேயில் 'அயூக்கா' வானியல் மையத்தை உருவாக்கி, 2003 வரை அதன் இயக்குநராக இருந்த காலத்திலும் கதை எழுதுவதை அவர் விடவில்லை. 2025 மே 20 அன்று, 86 வயதில், புனேயிலேயே காலமானார்.

ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ போன்ற தொடர்களை ஒட்டி வரும் நாவல்களைப் படிப்பவர்களிடம் ஒரு நிரந்தரப் புகார் உண்டு. காலம் மாறிப்போகும் கதை என்றால் முதல் இருநூறு பக்கம் ஜோர். செத்தவர்கள் உயிரோடு வருவார்கள், எதிரிகள் நண்பராவார்கள், ராஜ்யங்கள் புரளும். கடைசி இருபது பக்கத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். டிவி தொடரைக் கலைக்க நாவலாசிரியருக்கு அனுமதி இல்லையே! அப்படியானால் இத்தனையும் எதற்கு என்று வாசகர் கேட்பார். 'இன்று நேற்று நாளை' பார்த்த தமிழ் ரசிகருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல.

கைத்தொண்டேயின் கதைக்கும் இதே குற்றச்சாட்டு பொருந்தும். ஆசாத் மைதானத்தில் ஒரு கூட்டம். மேடையில் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது. பழக்கதோஷத்தில் பேராசிரியர் போய் உட்கார்ந்து பேச ஆரம்பிக்க, தலைவரே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்த அந்த ஊர்க் கூட்டம் தக்காளியும் முட்டையும் வீசுகிறது. அடுத்து கண் விழிக்கும்போது நம் இந்தியா. எல்லாம் பழையபடி. இங்கே வரலாற்றுப் பாடப் புத்தகம்தான் மூலத் தொடர். அதை மாற்ற நர்லிகராலும் முடியாது. மிஞ்சுவது பேராசிரியரின் சட்டைப் பையில் வந்துவிட்ட பகரின் கிழிந்த ஒற்றைத் தாள். அந்தத் தாள்தான் கதையைக் காப்பாற்றுகிறது. வைகையில் எதிரேறிய ஏடு திருவேடகத்தில் கரை சேர்ந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு தாள் பிரவாகத்தை எதிர்த்து வருவதில் உள்ள சுவாரஸ்யம் உடனே புரியும். தேஹு ரோட்டுக்காரர்களுக்கும் புரியும். பக்கத்துத் தேஹு கிராமம் துக்காராமின் ஊர். இந்திராயணி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட அவருடைய அபங்க ஏடுகள் பதின்மூன்று நாள் கழித்து நனையாமல் மிதந்து வந்தன என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே அந்தக் கிராமத்துக்குப் போகும் சாலையால்தான்.

விஞ்ஞானம் படித்தவர்களின் ஆட்சேபம் வேறு. கதையில் பேராசிரியரின் நண்பர் ராஜேந்திர தேஷ்பாண்டே நடந்ததற்கு இரண்டு விளக்கங்களைப் பிணைத்துச் சொல்கிறார். ஒன்று கேடாஸ்ட்ரஃபி தியரி. பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே தோம் 1972இல் நூலாக வெளியிட்ட கோட்பாடு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கேலை இரு முனையிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளைந்த நடுப்பகுதியை விரலால் மெல்லத் தள்ளினால் ஒரு கட்டத்தில் சட்டென்று மறுபக்கம் துள்ளும் அல்லவா? சிறு மாற்றம் திடீர்ப் பாய்ச்சலாக முடியும் கணக்கு அது. இன்னொன்று குவாண்டம் இயற்பியல். ஓர் எலக்ட்ரான் இப்படித்தான் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு சாத்தியமும் ஒவ்வோர் உலகில் நடக்கிறது என்று கொள்ளலாம். ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த யோசனை இது.

இரண்டும் தனித்தனியே சரி. சேர்த்துக் கட்டியதில்தான் முடிச்சு இளகுகிறது. ஸ்கேல் துள்ளுவது விதிப்படி. அதே அழுத்தம் கொடுத்தால் அதே துள்ளல்தான். எலக்ட்ரானின் நிச்சயமின்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. துப்பாக்கிக் குண்டு எலக்ட்ரானும் அல்ல. எலக்ட்ரான் அளவிலான ஒரு தற்செயல் எப்படி ஒரு குண்டின் பாதையை எள்ளளவு திருப்பும் என்ற படியைக் கதை தாண்டிக் குதிக்கிறது. இயற்பியலில் நர்லிகருக்குத் தெரியாத விஷயமல்ல. இது நிரூபணம் அல்ல, யூகம் என்பதைத் தேஷ்பாண்டேயின் வாயாலேயே அவர் கோடிகாட்டிவிடுகிறார். பதினாறு வயதுப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குவதுதான் கொஞ்சம் உறுத்தல்.

வரலாற்றுக்காரர்கள் கேட்பது இன்னும் கடினமான கேள்வி. ஒரு குண்டு போதுமா? 1760 நவம்பர் முதல் மராத்தியப் படை பானிபட்டில் முற்றுகையில் கிடந்தது. தானியம் அனுப்பி உதவக்கூடியவரான கோவிந்த் பந்த் புந்தேலே டிசம்பரில் கொல்லப்பட்டார். படையோடு யாத்ரிகர்களும் குடும்பங்களுமாகப் பெருங்கூட்டம். பட்டினி தாளாமல்தான் ஜனவரியில் அவர்கள் சண்டைக்கே கிளம்பினார்கள். வரலாற்றாசிரியர் த்ரியம்பக் சங்கர் ஷேஜ்வல்கர் 1946இல் வெளியிட்ட பானிபட் ஆய்வைப் படித்தவர்கள், வயிறு காய்ந்த குதிரைகளைப் பற்றிப் பேசாமல் விஸ்வாசராவின் காதைப் பற்றிப் பேசுவதை ஏற்க மாட்டார்கள். ஆனால் வெகுஜன நினைவு காதின் பக்கம்தான். விஸ்வாஸ் பாட்டீலின் 'பானிபட்' நாவல் 1988இல் வெளிவந்து வீடு வீடாக நுழைந்தது. 2019இல் ஆசுதோஷ் கோவாரிகர் படமே எடுத்தார். ஜெயித்திருக்கலாமே என்ற ஏக்கம் மகாராஷ்டிரத்தில் 260 ஆண்டுகளாக ஆறாத புண். நர்லிகரின் கதை அதற்கு மருந்து போடுகிறது. வென்ற பேஷ்வாக்கள் ஐரோப்பாவின் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொண்டு விஞ்ஞான மையங்கள் அமைக்கிறார்கள். டெல்லியில் முகலாயர் பெயரளவில் மட்டும் அரியணையில் நீடிக்கிறார். பின்னர் மக்களாட்சி தானாக வருகிறது. அடிமைப்பட்டே அறியாத, தன்மானம் உள்ள இந்தியா.

கூர்ந்து படிப்பவர் இங்கே ஆசிரியரை மடக்கலாம். இத்தனை விஞ்ஞானத்தை வளர்த்த அரசு, தலைநகருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டைகூட அமைக்கவில்லையா? ஜிஜாமாதா எக்ஸ்பிரஸின் எஞ்சினை எங்கே செய்தார்கள்?

தேஹு ரோட்டின் கேள்வி இதிலிருந்துதான் கிளம்புகிறது. இந்தப் பாதையில் உள்ள ஊர்கள் பேஷ்வாக்களின் தோல்வியில் முளைத்தவை. கட்கியில் வெள்ளைக்காரர்கள் 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கினார்கள். தேஹு ரோட்டில் ராணுவத் தளவாடக் கிடங்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அப்புறம் ஆகுர்டியில் பஜாஜ், அதன் பின் வரிசையாக மற்றவை. கிடங்கிலும் தொழிற்சாலையிலும் கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் பல மாநிலத்தவர் வந்தார்கள். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருப்பதற்குக் காரணம் ராணுவமும் ரயிலும்தான். பானிபட்டில் குண்டு விலகியிருந்தால் இவர்களின் பாட்டனார்கள் ரயிலேறியிருக்கவே மாட்டார்கள். கைத்தொண்டே மகனைத் தேடிப் போய் ஏமாந்ததுபோல, இந்த ஊரில் யார் யாரைத் தேடிப் போனாலும் ஆள் இருக்காது.

இழப்பு அதோடு நிற்கவில்லை. 1954 டிசம்பர் 25 அன்று தேஹு ரோட்டில் ஒரு புத்தர் சிலை நிறுவப்பட்டது. ரங்கூனிலிருந்து வந்த அந்தச் சிலையை நிறுவியவர் அம்பேத்கர். நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் அவர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபரில். அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முந்தியது தேஹு ரோடு விஹாரம். இன்றும் டிசம்பர் 25இல் அங்கே கூட்டம் அலைமோதும்.

இந்த விஹாரத்தின் நிழலில் வளர்ந்த ஒருவர் நர்லிகரின் கதையை எப்படிப் படிப்பார்? பேஷ்வாக்களின் புனேயில் தீண்டத்தகாதவர்கள் கழுத்தில் மண்சட்டியும் இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியிருக்கிறார். 1818 ஜனவரி முதல் நாள், புனேக்கு வடகிழக்கே கோரேகாவ் பீமாவில், இரண்டாம் பாஜிராவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிச் சிப்பாய்களில் மஹர்கள் கணிசமானோர். அங்கே உள்ள வெற்றித் தூணுக்கு 1927இல் அம்பேத்கர் போய் வந்த பின், ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியில் அது யாத்திரைத் தலமாகிவிட்டது. பேஷ்வா ஆட்சி தொடர்ந்தால் தன்மானம் உள்ள இந்தியா பிறக்கும் என்ற வரியில் ஒருவர் நிமிர்ந்து உட்காரும்போது, பக்கத்து பெஞ்சில் இருப்பவர் யாருடைய தன்மானம் என்று கேட்பார். கதையில் மக்களாட்சி வருகிறது. ஆனால் தூணும் இல்லை, விஹாரமும் இல்லை. சாதி என்ன ஆயிற்று என்று நர்லிகர் சொல்லவில்லை. சிறுகதையில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது நியாயம். விட்டுப்போனது எது என்று கேட்பதும் நியாயம்தான். ஆசிரியர் நடத்தும் பாடத்தைவிட, இந்த இரண்டு பெஞ்சுகளுக்கு இடையே நடக்கக்கூடிய சண்டை கூடுதலாக வரலாறு கற்றுத்தரும்.

தமிழ் வாசகருக்குத் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது. பானிபட்டில் பீரங்கிப் புகை அடங்கிய இரண்டாம் நாள், 1761 ஜனவரி 16 அன்று, மாதக்கணக்கில் முற்றுகையில் பசித்துக் கிடந்த புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அயர் கூட் உள்ளே நுழைந்தார், பிரெஞ்சுத் தளபதி லாலி கைதியானார். தென்னாட்டில் கம்பெனியை எதிர்க்க ஐரோப்பியர் எவரும் மிஞ்சவில்லை. அதே 1761இல் மைசூரில் ஹைதர் அலி தலையெடுத்தார். வடக்கே மராத்தியர் நொறுங்கியிருந்தது அவருக்குத் தோதாயிற்று. 1780இல் அவருடைய குதிரைப்படை ஆற்காட்டுச் சீமையைச் சூறையாடியது வரை அந்தச் சங்கிலி நீள்கிறது. பானிபட்டில் ஜெயித்த மராத்தியர் தெற்கே திரும்பியிருந்தால் ஹைதர் வளர்ந்திருப்பாரா? திப்பு உண்டா? தஞ்சாவூரில் ஏற்கெனவே மராத்திய ராஜா இருந்தார். கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்களுக்கும் எதிரி யாராக இருந்திருப்பார்கள்?

கைத்தொண்டேயின் ஐந்தாவது தொகுதி இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. வெற்றிக்குப் பின் கம்பெனியின் செல்வாக்கு பம்பாய், கல்கத்தா, மதராஸ் பக்கம் ஒடுங்கிவிட்டது என்கிறது. பிற்பாடு துணைக்கண்டத்தில் பிரிட்டிஷாரிடம் எஞ்சியது பம்பாய் மட்டுமே. அதையும் 1908இல் போட்ட ஒப்பந்தப்படி 2001 வரை குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். இடையில் மதராஸ் எப்போது, யாருக்குக் கைமாறியது? கோட்டையில் எந்தக் கொடி பறக்கிறது? தேஹு ரோட்டுத் தமிழ்ப் பிள்ளை ஒன்று இதைத் தெரிந்துகொள்ள விரும்பினால், டவுன் ஹால் நூலகத்தில் பேராசிரியருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து தென்னிந்தியத் தொகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் நூலகத்தை மூடும் நேரம் வந்துவிட்டது. பேராசிரியர் பகரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஆசாத் மைதானத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.